கோபம் பிறக்கும் முன் மனத்தில் நடப்பவை

"பிக்குகளே, இந்தச் சித்தம் ஒளியுடையது. வந்து சேரும் மாசுகளால் அது கறைபடுகிறது." பாலி மொழிப் பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தின் முதல் பகுதி, ஏகக நிபாதம். அதில் வரும் புத்தர் வாக்கு இது. அதே சித்தம் மாசுகளிலிருந்து விடுபடவும் செய்கிறது என்று அடுத்து வருகிறது. சரி, கோபத்திலும் பொறாமையிலும் உழலும் மனத்தில் ஒளி எங்கே இருக்கிறது?

5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் உரைகள் எழுதிய புத்தகோசர், அந்தச் சித்தம் பவங்கம்தான் என்கிறார். காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர் அவர். கனவில்லாத உறக்கத்திலும் அறுபடாமல் ஓடும் அடிமன ஓட்டம்தான் பவங்கம். விழித்திருக்கும்போதும் ஒவ்வொரு அறிதலும் முடிந்ததும் மனம் அதற்கே திரும்புகிறது.

யாரோ நம்மைத் திட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சத்தம் காதில் பட்டதும் பவங்கம் அதிர்ந்து அறுகிறது. மனம் காதின் பக்கம் திரும்புகிறது, கேட்கிறது, கேட்டதை ஏற்கிறது, ஆராய்கிறது, தீர்மானிக்கிறது. இதுவரை கோபம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் வருவது ஜவனம்: அடுத்தடுத்துப் பாயும் 7 சித்தக் கணங்கள். வெறுப்போ பொறுமையோ பிறப்பது இங்கேதான். பின்பு 2 கணங்கள் அதே சத்தத்தைப் பற்றி நின்றுவிட்டு, மனம் பவங்கத்துக்குத் திரும்புகிறது. முழுச் சுற்றுக்கு 17 கணங்கள் என்பது, மனத்தைப் பகுத்து ஆராயும் பௌத்தப் பிரிவான அபிதம்மத்தின் கணக்கு. இந்தச் சுற்றில் கேட்டது வெறும் சத்தம்தான். திட்டு என்று புரிவதற்கு மனவாசலில், அதாவது காதின் துணையின்றி மனத்துக்குள்ளேயே, இன்னும் பல சுற்றுகள் ஓட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஜவனம் உண்டு என்பதால், கோபம் வளர்ந்துகொண்டே போக முடிகிறது.

கறை ஜவனத்தில் என்றால், பவங்கம் கறைபட்டதாகச் சொல்வானேன்? ஒழுக்கமான பெற்றோருக்குப் பிள்ளைகளின் நடத்தையால் கெட்ட பெயர் வருவதுபோல என்கிறது உரை. மிக நுட்பமான பதில் இது. பெயர்தான் கெடுகிறது, குற்றம் பெற்றோருடையது அல்ல.

பௌத்தத்தின் இன்னொரு பெரும் பிரிவான மகாயானத்தின் ததாகதகர்ப்பச் சூத்திரங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், இந்த ஒளி எல்லா உயிர்களிலும் மறைந்திருக்கும் புத்தத்தன்மை என்றன. புத்தகோசர் சார்ந்த பிரிவான தேரவாதம் அவ்வளவு தூரம் போவதில்லை. அதன் பார்வையில் பவங்கமும் பழைய வினையின் விளைவு. கணத்துக்குக் கணம் தோன்றி மறைவது. அதை விடுதலை என்று எண்ணிவிடக் கூடாது. ஆனாலும் மாசு மனத்தின் இயல்பில் இல்லை என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. இதை உள்ளபடி அறியாதவருக்குச் சித்தப் பயிற்சியே இல்லை என்று அதே நிபாதம் உறுதியாகச் சொல்கிறது.