பழைய ஃபைபர் படகில் புது ஃபைபர் எப்படிப் பிடிக்கிறது?

1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சிக்கு பியர்சன் ட்ரைட்டன் என்ற 28 அடிப் பாய்மரப் படகு வந்தது. வடிவமைத்தவர் கார்ல் ஆல்பெர்க். அடுத்த சில ஆண்டுகளில் எழுநூறுக்கும் மேல் கட்டப்பட்டன. அவற்றில் பல இன்றும் நீரில் ஓடுகின்றன. சில படகுகள் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கின்றன. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் அவற்றைச் செப்பனிடும் ஆர்வலர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழைத் துணியை ரெசின் என்ற பிசினில் தோய்த்து இறுகவைத்தது. அது துருப்பிடிக்காது, கறையானும் தொடாது. அப்புறம் எது கெடுகிறது? பெரும்பாலும் மேல்தளத்துக்குள் இருக்கும் மரம். ட்ரைட்டனின் மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா என்ற இலேசான மரத்தின் துண்டுகள் இருக்கின்றன. தகடுகளை விலக்கி நிறுத்துவதால் எடை ஏறாமலே விறைப்பு கிடைக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் கயிறு கட்டும் கொக்கிக்காகப் போட்ட திருகுத் துளை வழியே மழைநீர் சொட்டுச் சொட்டாக இறங்கினால், வருடங்கள் போகப் போக பால்சா கறுத்துக் கூழாகிவிடும். சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தாலே தெரியும்: நல்ல இடம் 'டக்' என்று ஒலிக்கும், கெட்ட இடம் 'தொப்' என்று அடங்கிப்போகும்.

சரி, மேல் தகட்டை வெட்டி எடுத்து, அழுகலைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, புது பால்சா ஒட்டியாகிவிட்டது. இனி தகட்டை மீண்டும் இணைக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

டப்பாவில் இருக்கும் பாலியெஸ்டர் ரெசினில் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்திருக்கின்றன. இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்ததும் சங்கிலிகளின் இரட்டைப் பிணைப்புகள் திறந்துகொள்ள, ஸ்டைரீன் அவற்றுக்கிடையே பாலம் போடுகிறது. சூடு கிளம்பும், திரவம் கல்லாகும். அறுபது வருடத்துக்கு முன் இறுகிய படகில் அப்படிக் கைகோக்கக் காத்திருக்கும் பிணைப்பு அநேகமாக எதுவும் மிச்சமில்லை. ஆகவே புது அடுக்கு பழையதோடு வேதியியல்படி ஒன்றாகாது. உப்புத்தாள் போட்ட கீறல்களைப் பற்றிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அப்படிப் பற்றிக்கொள்வதில் பாலியெஸ்டரைவிட எபாக்சி என்ற இன்னொரு வகை ரெசின் கெட்டி. பழுது பார்க்க அதை வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

உப்புத்தாளால் தேய்க்கும் முன், பழைய ஃபைபரின் மேல் இருக்கும் மெழுகை அசிட்டோன் என்ற கரைப்பானால் துடைத்துவிட வேண்டும். வரிசை மாறினால் தேய்ப்பதே மெழுகைக் கீறல்களுக்குள் அழுத்திவிடும். கண்ணாடித் தூசு நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் கிரைண்டரைத் தொடவே கூடாது.

விளிம்பையும் செங்குத்தாக விடக் கூடாது. தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் தகடு என்றால் 36 மில்லிமீட்டர் சரிவு. ஒட்டு எதுவானாலும் உரித்து இழுத்தால் சுலபமாக விட்டுவிடும், பரப்போடு சேர்ந்து இழுத்தால் தாங்கும். சரிவு, விசையை அந்தப் பரப்பு முழுவதும் பிரித்துக் கொடுக்கிறது.

கடைசியில் கொக்கிகள். பழைய திருகுத் துளையைப் பெரிதாகத் துளைத்து, கெட்டியாகக் கலந்த எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் புதுத் துளை போட வேண்டும். இனி திருகு இறங்குவது எபாக்சிக்குள். மழைநீர் கசிந்தாலும் பால்சாவை எட்டாது.