குதிரை ஊசியும் நிபாவும்

கேரளத்தில் நிபா என்று செய்தி வந்துவிட்டால் எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் வண்டிகளை நிறுத்திக் காய்ச்சல் பார்ப்பார்கள். அப்படியொரு நாளில் டீக்கடையில் ஒரு அண்ணாச்சி பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஆஸ்திரேலியாவுல குதிரைக்கே ஊசி உண்டாம். நமக்கு இல்லியாடே?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் நிபா ஆராய்ச்சியில் அந்தக் குதிரை ஊசிக்குப் பெரிய இடம் உண்டு.

அது நிபாவுக்கான ஊசியே அல்ல, ஹென்ட்ரா என்ற வைரஸுக்கானது. 1994இல் பிரிஸ்பேன் நகரின் ஹென்ட்ரா பகுதியில் பந்தயக் குதிரைகளும் அவற்றின் பயிற்சியாளரும் அதனால் இறந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து மலேசியப் பன்றிப் பண்ணைகளில் வெடித்தது நிபா. இரண்டும் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வருபவை. வௌவால்களுக்கோ ஒன்றும் ஆவதில்லை.

இந்த இரண்டு வைரஸ்களின் மேற்பரப்பிலும் 'ஜி' என்றொரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். பலா பறிக்கும் துறட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பு மூங்கிலா கமுகா, எத்தனை முழம் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். காம்பைப் பிடித்து இழுக்க வேண்டுமென்றால் கொக்கி மட்டும் அந்த வளைவில் இருந்தாக வேண்டும். ஜி புரதத்தின் கொக்கி மாட்டுவது எஃப்ரின்-பி2 என்ற மூலக்கூறில். அது நம் ரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்பணுக்களிலும் இருக்கிறது. வௌவால், குதிரை, பன்றி, மனிதன் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே வடிவம். இத்தனை விலங்குகளுக்குள் இந்த வைரஸ்கள் தாவ முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஹென்ட்ராவும் நிபாவும் ஒரே காம்பைப் பிடிப்பதால் இரண்டின் கொக்கியும் அதிகம் மாற முடியாது. அந்தக் கொக்கியில் துணி சுற்றிவிடும் ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடித்துக்கொள்ள உடல் உண்டாக்கும் புரதம், உடலில் இருந்தால், யாருடைய துறட்டி என்று பார்க்க வேண்டியதே இல்லை.

காகிதத்தில் சரி, உடம்பில் நடக்குமா? மனிதர்களிடம் சோதிப்பது கடினம். நிபா திடீரென்று வரும், சிலரைத் தாக்கும், போய்விடும். ஆகவே ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகள். மனிதர்களைப் போலவே அவற்றுக்கும் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்படும். 2012இல் வெளியான ஆய்வில், ஹென்ட்ராவின் ஜி புரதத்தை மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை போட்டுவிட்டு, அப்புறம் நிபா வைரஸைச் செலுத்தினார்கள். தடுப்பூசி பெற்ற குரங்குகள் எல்லாமே பிழைத்தன. குதிரைகளுக்கான ஊசி ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். அதிலும் இதே ஜி புரதம்தான் சரக்கு.

அதற்காக, சொந்தக்கார வைரஸ் என்றாலே காப்பாற்றும் என்று எண்ணிவிடக் கூடாது. டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனபின் இன்னொன்று வந்தால் சிலருக்கு நோய் முன்னைவிடக் கடுமையாகும். பழைய ஆன்டிபாடி புதிய வைரஸை அரைகுறையாகப் பிடித்து, முடக்காமல், நோய் எதிர்ப்பு அணுக்களுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கொக்கியை விட்டுவிட்டுக் கம்பில் துணி சுற்றிய கதை.

நிபாவுக்குள்ளேயே வேறுபாடு இருக்கிறது. எம்102.4 என்ற ஆன்டிபாடி மருந்து ஹென்ட்ரா, நிபா இரண்டையும் முடக்கக்கூடியது. மலேசிய நிபா தொற்றிய குரங்குகளுக்கு ஐந்தாம் நாள் கொடுக்கத் தொடங்கியும் அவை பிழைத்தன. வங்கதேச வகையில் மூன்றாம் நாளே தாமதமாகிவிட்டது. கேரளத்துக்கு வருவது வங்கதேச வகைக்கு நெருக்கமானது. 2018இல் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது ஆஸ்திரேலியாவிலிருந்து இந்த மருந்தை வரவழைத்தார்கள். அது வந்து சேர்வதற்குள் பரவல் அடங்கிவிட்டது.

அண்ணாச்சிக்கு அன்று முழுப் பதில் சொல்ல முடியவில்லை, பஸ் வந்துவிட்டது. ஹென்ட்ராவின் அதே ஜி புரதத்தை மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்கும் முதல்கட்டச் சோதனை 2020இல் அமெரிக்காவில் தொடங்கியது.