மூட்டை எங்கே கிடக்கிறது?

கட்டட வேலை செய்பவர்கள் பிசியோதெரபிக்கு வந்தால் பெரும்பாலும் சொல்வது, "மூட்டையைத் தூக்கினேன், இடுப்பு பிடிச்சிருச்சு" என்பதுதான். மூட்டை எங்கே கிடந்தது என்று கேட்பேன். தரையில் என்பார்கள். வலிக்குப் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

நம் ஊர் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998-ஆம் ஆண்டு மத்திய விதிகள், ஓர் ஆண் தனியாகத் தூக்கக்கூடிய உச்சவரம்பாக வைத்தது 55 கிலோ, பெண்ணுக்கு 30. ஆனால் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியாஷ் சொல்லும் அளவு 23 கிலோ. அதுவும் உடலை ஒட்டிப் பிடித்து, இடுப்பைத் திருப்பாமல், ஏறக்குறைய இடுப்பு உயரத்திலிருந்து தூக்கும்போது. தரையிலிருந்து தூக்கினால் அந்த அளவு இன்னும் இறங்கும்.

குனிந்து தூக்கும்போது அதிகம் அடிபடுவது கீழ்முதுகின் கடைசி இரண்டு டிஸ்க்குகள், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பவை. குனிந்த வாக்கிலேயே இடுப்பைத் திருப்பி மூட்டையைப் பக்கத்தில் போடுவது இன்னும் மோசம். காலை நகர்த்தித் திரும்புங்கள். இரவில் டிஸ்க் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும் என்பதால், விடியற்காலையில் எழுந்ததும் லோடு இறக்கப் போவது ஆபத்து.

'முழங்காலை மடக்கித் தூக்கு' என்று தொழிலாளிக்குப் பாடம் எடுப்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். நான் பேச விரும்புவது மேஸ்திரியிடமும் இன்ஜினியரிடமும். சிமெண்டில் ஈரம் ஏறாமலிருக்க எப்படியும் பலகை போடுகிறீர்கள். அந்தப் பலகையை முழங்காலுக்கு மேலே உயர்த்திப் போடுங்கள். அடுக்கு தோளைத் தாண்ட வேண்டாம். மூட்டைக்கு இரண்டு ஆள், தூரத்துக்குத் தள்ளுவண்டி, மாடிக்கு ஹாய்ஸ்ட் என்கிற பொருள் ஏற்றும் இயந்திரம். சித்தாள் பெண்ணின் தலையில் முழு மூட்டையை ஏற்றுவது அந்த 30 கிலோ வரம்பை மீறுவது. ஈர மணலைச் சட்டி நிறைய அள்ளாமல் குறைத்து அள்ளினால் நடை கூடும், கூடட்டும்.

பெல்ட் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். முதுகு நன்றாக இருப்பவருக்கு அது காயத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நியாஷ் 1994-லேயே சொல்லிவிட்டது.

சாதாரணப் பிடிப்பு என்றால் நாள்கணக்கில் படுத்துக்கிடக்காமல் மெல்ல நடமாடுங்கள். ஆனால் சிறுநீர் போக முடியவில்லை, கட்டுப்பாடின்றி மலம் போகிறது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்திருக்கிறது, காலில் பலம் குறைகிறது என்றால் எண்ணெய் தேய்த்துக்கொண்டோ வலி மாத்திரை போட்டுக்கொண்டோ காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.