தேன்குழல் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

காரைக்குடிப் பலகாரக் கடைகளில் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை எல்லாம் பாக்கெட்டிலேயே கிடைக்கின்றன. முன்பக்கத்தில் செட்டிநாட்டு வீட்டுப் படம், கூடவே 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று ஒரு வரி. தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. அந்த வரி பொய்யில்லை, ஆனால் அதனால் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. விஷயமெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில் 'ஒரு பரிமாறல்' எத்தனை கிராம் என்று பாருங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 200 கிராம் தேன்குழல் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 கிராமுக்குக் கொழுப்பு 30 கிராம், சோடியம் 600 மில்லிகிராம், ஒரு பரிமாறல் 30 கிராம் என்று அதில் போட்டிருக்கிறது. ஒரு பரிமாறலுக்குக் கணக்கிட்டால் சோடியம் 180 மில்லிகிராம்தான், சாதுவான எண். ஆனால் சாயங்காலம் டீயோடு உட்கார்ந்தால் 30 கிராமோடு யார் எழுந்திருக்கிறார்கள்? பாதி பாக்கெட் தீர்ந்தால் 600 மில்லிகிராம். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு, அதாவது 1.5 கிராம். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். அதே பாதி பாக்கெட்டில் கொழுப்பு 30 கிராம். லேபிளில் வரும் சதவீதக் கணக்கு 2000 கிலோகலோரி, 67 கிராம் கொழுப்பு என்ற நாள் அளவை வைத்துப் போடப்படுவது. வீட்டில் உட்கார்ந்தே இருக்கும் ஆச்சிக்கு அந்த 2000 தேவைப்படாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'சர்க்கரை: 2 கிராம்' என்ற வரியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அதற்கு மேலே உள்ள மொத்த கார்போஹைட்ரேட்டையும் படிக்க வேண்டும். அரிசி மாவு ஜீரணமானால் குளுக்கோஸ்தான். இனிப்புப் பலகாரம் என்றால் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரி முக்கியம். 4 கிராம் கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். 'வெல்லத்தில் செய்தது' என்பதற்காக அதிரசத்துக்கு விலக்கு எதுவும் இல்லை.

அடுத்தது சேர்மானப் பட்டியல். எடையில் அதிகமானது முதலில் வரும். 'கேழ்வரகு பிஸ்கட்' என்று பெயர் போட்டு, பட்டியலில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அதற்குப் பிறகுதான் கேழ்வரகு என்றால் அது மைதா பிஸ்கட்தான். பெயரிலோ படத்திலோ ஒரு பொருளை எடுப்பாகக் காட்டினால் அது எத்தனை சதவீதம் என்று போட வேண்டும் என்பது விதி. அதைத் தேடுங்கள். சர்க்கரை பல பெயர்களில் வரும்: லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ். மூன்றாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். எண்ணெய் பாமாயில் என்றால் நிறை கொழுப்பு (saturated fat) வரியையும் பாருங்கள். பாமாயில் கொழுப்பில் ஏறக்குறைய பாதி நிறை கொழுப்பு. நாளுக்கு 22 கிராம் என்பது லேபிள் கணக்கின் அளவு.

அப்பளம், ஊறுகாய், வத்தல் மூன்றிலும் சோடியத்தை மட்டும் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. உப்போடு அப்பளக்காரம், சோடியம் பென்சோயேட் ஆகியவற்றில் இருப்பதும் அந்த எண்ணுக்குள் அடக்கம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு, தட்டோரம் இரண்டு அப்பளம் வைப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

லேபிள் சொல்லாத ஒன்றும் உண்டு: எண்ணெயை எத்தனை முறை காய்ச்சினார்கள் என்பது. பிரித்ததும் சிக்கு வாடை அடித்தால், தேதி மிச்சம் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.