மயிற்கொன்றைக்கு எதற்கு இரவல் பெயர்?

சிங்கப்பூரின் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் ஆளுயரப் புதரைத் தமிழில் 'சிவப்புச் சொர்க்கப் பறவை' என்று எழுதுவதை இனியாவது விட்டுவிட வேண்டும். அதன் பெயர் மயிற்கொன்றை. தாவரவியலில் சீசல்பினியா புல்செரிமா. தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. மயில் போன்ற கொன்றை என விரிவதால் இது வேற்றுமை உருபு வராத அல்வழிப் புணர்ச்சி; அதில் 'ல்' 'ற்' ஆகலாம், மாறாமலும் நிற்கலாம். ஆகவே மயில்கொன்றை என்றாலும் பிழையில்லை.

'சொர்க்கப் பறவை' ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதால் வந்த வினை. உண்மையான சொர்க்கப் பறவைகள் நியூகினியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழ்பவை. 16ஆம் நூற்றாண்டில் அவற்றின் தோல்கள் கால் நீக்கப்பட்டே ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. காலில்லாத பறவை மண்ணில் இறங்காது, வானிலேயே மிதக்கும் என்று அங்கே நம்பினார்கள். 1758இல் உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட அறிஞர் லின்னேயஸ் அவற்றில் ஓர் இனத்துக்குக் 'காலற்றது' என்றே பெயரிட்டார். அந்தக் கதையை அறியாத தமிழ் வாசகருக்கு இந்தப் பெயர் எதைக் காட்டும்? போதாததற்கு, தென்னாப்பிரிக்காவின் ஸ்ட்ரெலிட்சியா என்ற செடிக்கும் இதே பெயர். அது வாழையிலை போன்ற இலை கொண்டது, புதரே அன்று. ஒரு பெயர், ஒரு பறவைக் குடும்பம், இரண்டு செடிகள்! மொழிபெயர்ப்பவர் அகராதியை மூடிவிட்டுச் செடியை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

மயில் என்றதும் தோகையைத் தேடுகிறார்கள். ஒப்புமை கொண்டையில் இருக்கிறது என்பதே என் கணிப்பு. மயிலின் தலையில் மெல்லிய காம்புகள் எழுந்து நுனியில் மட்டும் விரிகின்றன. இந்தப் பூவிலும் ஐந்து இதழ்களின் நடுவிலிருந்து பத்து மகரந்தத் தாள்கள் இதழ்களைத் தாண்டி நீண்டு, நுனியில் மகரந்தப்பை தாங்குகின்றன. சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உலவும் மயிலைப் பார்த்தவர்கள் பூவைக் கையில் வைத்து ஒப்பிட்டால் போதும்.

இப்படிப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. குறுந்தொகையின் 138ஆம் பாடல் 'மயிலடி இலைய மாக்குரல் நொச்சி' என்கிறது. மூன்றும் ஐந்துமாக விரியும் நொச்சியின் சிற்றிலைகளில் மயிலின் காலடியைக் கண்ட மொழிக்கு இரவல் பறவை எதற்கு?

குல்மொகர் மரத்தையும் சிலர் மயிற்கொன்றை என்பதுதான் உண்மையான சிக்கல். மரத்தைச் செம்மயிற்கொன்றை என்று பிரித்துச் சொல்லலாம். ஐயம் வந்தால் காயைப் பாருங்கள்: மரத்தில் கட்டைபோல் இறுகி அரை மீட்டர் வரை தொங்கும், புதரில் விரல் நீளத்தில் தட்டையாக இருக்கும்.