பென்னியின் தோல்: பழைய பிரிட்டிஷ் காசுகளைப் படித்தறிவது

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்துப் பென்னி ஒன்றை எடுத்துப் பூப்பக்கம் திருப்புங்கள். 1926-க்கு முந்தைய, அதிகம் தேயாத காசாக இருந்தால் நல்லது. பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு வைத்து மெல்லச் சாய்த்தால், சூலமும் கேடயமுமாக உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியாவை (பிரிட்டன் நாட்டின் உருவகப் பெண்) சுற்றி மங்கலாக ஒரு வளைகோடு தெரியும். மறுபக்கத்தில் இருக்கும் மன்னர் தலையின் உருவரைதான் அது. சேகரிப்பவர்கள் இதைக் கோஸ்டிங் என்பார்கள். காசு புழங்கியதால் வந்த பழுது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அச்சடித்த நொடியிலேயே அது உண்டாகிவிட்டது.

வெண்கல வில்லை, அதாவது அச்சடிக்காத வட்டத் தகடு, இரண்டு அச்சுகளுக்கு நடுவே நசுங்கும்போது உலோகம் உருகுவதில்லை. கொழுக்கட்டை அச்சில் மாவு ஏறுவதுபோல, திடமாக இருந்தபடியே நகர்ந்து குழிகளை நிரப்புகிறது. பெர்ட்ராம் மெக்கன்னல் என்ற ஆஸ்திரேலியச் சிற்பி வடித்த மன்னர் தலை பெரியது, ஆழமானது. அதை நிரப்ப உலோகம் அந்தப் பக்கமே இழுபட்டதால், எதிர்ப்பக்கத்தில் பற்றாக்குறை. ஆகவே புத்தம் புதிய காசிலும் பிரிட்டானியாவின் மார்பும் தலைக்கவசமும் சப்பையாக இருக்கலாம். இதைத் தேய்மானம் என்று எண்ணித் தரத்தைக் குறைப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: கை பட்டுத் தேய்ந்த இடம் வழவழப்பாக, நிறம் மாறியிருக்கும். அச்சு நிரம்பாத இடத்தில் வில்லையின் பழைய சொரசொரப்பு அப்படியே இருக்கும், சுற்றியுள்ள பரப்பின் நிறமும் மாறாது.

இந்தக் குறையைத் தீர்க்க நாணயச்சாலை தலையைச் சற்று மாற்றியமைத்தது. அதில்தான் புகழ்பெற்ற 1926 ரகம் பிறந்தது. அந்த ஆண்டில் பழைய தலை, மாற்றிய தலை இரண்டுமே அடிக்கப்பட்டன, மாற்றியது அரிது. ஆண்டை மட்டும் பார்த்தால் தெரியாது, மன்னர் உருவம் கழுத்தில் வெட்டுண்டு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். சிற்பியின் பெயரெழுத்துகளான பி, எம் ஆகியவற்றுக்குப் பின் பழையதில் புள்ளிகள் இருக்கும். மாற்றியதில் புள்ளிகள் இல்லை, எழுத்துகளும் வலப்புறமாக, பிடரி நோக்கி நகர்ந்திருக்கும். ஆனால் மிகத் தேய்ந்த காசில் புள்ளி அழிந்துபோயிருக்கலாம். அப்போது எழுத்தின் இடத்தை வைத்தே முடிவு செய்யுங்கள். 1928-இல் தலையையே சிறிதாக்கிய பிறகுதான் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கியது.

மற்ற ரகங்களையும் கண் பழகினால் பிடித்துவிடலாம். 1902 பென்னியில் கடல்மட்டம் பிரிட்டானியாவின் கால்கள் குறுக்கிடும் இடத்தைத் தொட்டால் சாதாரணம், அதற்குக் கீழே நின்றால் ‘தாழ் அலை’ ரகம். 1895-இல் சூல நுனிக்கும் பென்னி என்ற சொல்லின் முதல் எழுத்துக்கும் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்றால் சாதாரணம். 2 மில்லிமீட்டர் இருந்து, பிரிட்டானியாவின் பின்னால் கடலும் இல்லையென்றால் அரிய ரகம். 1912, 1918, 1919 காசுகளில் ஆண்டின் இடப்பக்கம் எச் என்ற எழுத்து இருந்தால் பர்மிங்காமின் ஹீட்டன் ஆலையில் அடித்தது. 1918, 1919-இல் மட்டும் கே, என் என்ற இரட்டை எழுத்து உண்டு. அது கிங்ஸ் நார்ட்டன் நிறுவனத்துடையது.

எங்கே விலை ஏறுகிறதோ அங்கே போலி வரும். 1905 அரைக் கிரவுன் (இரண்டரை ஷில்லிங் வெள்ளிக்காசு) 1,66,008 மட்டுமே அடிக்கப்பட்டதால் போலிக்காரர்களுக்குப் பிடித்த காசு. 1933 பென்னி விரல்விட்டு எண்ணுமளவே இருப்பதால், 1935-இன் கடைசி எண்ணைச் செதுக்கி 3 ஆக்குவார்கள். மாற்றிய எண்ணைச் சுற்றியுள்ள வெற்றுப்பரப்பைச் சாய்த்துப் பாருங்கள். அசல் காசில் உலோகம் நகர்ந்த நுண்கோடுகள் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி எண்ணின் அடிவரை தடையில்லாமல் ஓடும். செதுக்கிய இடத்தில் அவை அறுந்து, குட்டை போல ஒரு மழுங்கல் தெரியும்.

சோதனையை எடையில் தொடங்குவதே நல்லது. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு போதும். 1860-க்குப் பிந்தைய வெண்கலப் பென்னி 9.45 கிராம், தேய்ந்தது கொஞ்சம் குறையும். 1816-க்குப் பிந்தைய வெள்ளி ஷில்லிங் 5.66, அரைக் கிரவுன் 14.14. தங்க சவரின் 7.99 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர். நம் நகைக்கடைகளில் ‘சவரன்’ என்று சொல்லி எட்டு கிராம் எடை போடுவது இந்தக் காசிலிருந்து வந்த வழக்கம். காந்தத்தையும் வைத்துப் பாருங்கள்: 1971-க்கு முந்தைய பிரிட்டிஷ் புழக்கக் காசு எதிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் போலி. ஒட்டாததால் மட்டும் அசலாகிவிடாது.

எடை சரியாக இருந்தால் அடுத்தது அடர்த்தி. தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்கத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு பிசகும். இப்போது தராசு காட்டுவது காசின் பருமன், கன சென்டிமீட்டரில்; எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. சவரின் என்றால் 0.45 அல்லது 0.46 காட்ட வேண்டும்; பித்தளையில் முலாம் பூசியது 0.9-ஐத் தாண்டிவிடும். 1920-க்கு முந்தைய 92.5 சத வெள்ளி அரைக் கிரவுன் 1.37 அளவில் காட்டும். அதே எடையுள்ள செம்பு-நிக்கல் கலவை 1.58-ஐ நெருங்கும். அதற்கு நடுவில் வருவதையெல்லாம் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1920 முதல் 1946 வரை அரசே வெள்ளியைப் பாதியாகக் குறைத்துத்தான் அடித்தது.

ஆனால் சவரின் விஷயத்தில் தராசை மட்டும் நம்பக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியிலும் லெபனானிலும் அடித்த போலிகள் பலவற்றில் தங்கம் சரியாகவே இருக்கிறது. அவற்றை லென்ஸ்தான் காட்டிக்கொடுக்கும். அசலைப் படியெடுத்துச் செய்த அச்சில் நுண்ணிய பள்ளங்கள் விழுந்திருக்கும். அவை காசில் எழுத்தின் மூலைகளிலும் வெற்றுப்பரப்பிலும் மேடான முடிச்சுகளாக வரும். படியெடுத்த காசில் இருந்த அடித்தழும்பும் கூடவே வந்துவிடும். ஒரே தழும்பு, ஒரே இடத்தில், இரண்டு காசுகளில் இருந்தால் இரண்டையும் வாங்காதீர்கள். வார்ப்புப் போலியில் எழுத்தின் ஓரம் மழுங்கி, பரப்பு குண்டும் குழியுமாக இருக்கும். பக்கவாட்டு ஓரத்தில் அராவிய தடம் தேடுங்கள்.

சுத்தம் செய்வதில் அழிந்த காசுகளை நினைத்தால் வயிறு எரிகிறது. புதுக் காசைச் சாய்க்கும்போது ஒளி சக்கரம்போலச் சுற்றுகிறதே, அந்தப் பொலிவு முன்சொன்ன நுண்கோடுகளிலிருந்து வருவது. அவை காசின் மேல்தோலில் மட்டுமே இருக்கின்றன. விபூதி போட்டு வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல ஷில்லிங்கைத் தேய்த்தால், அந்தக் கோடுகள் போய் ஆயிரம் மயிரிழைக் கீறல்கள் வந்து உட்காரும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பென்னியின் பழுப்பு ஆக்சைடைக் கரைத்து, உள்ளிருக்கும் செம்பை இளஞ்சிவப்பாக வெளியே காட்டிவிடும். அந்த நிறம் எந்த நாணயச்சாலையிலும் பிறந்ததில்லை. வெள்ளியைப் பளிச்சிட வைக்கும் தயோயூரியாக் கரைசலும் கறுப்போடு சேர்த்து வெள்ளியின் மேற்படலத்தையும் கொண்டுபோகும்.

கறுப்பெல்லாம் அழுக்கென்றும் கொள்ளக் கூடாது. 1897 முதல் 1918 வரை ஃபார்திங்குகளை (கால் பென்னிக் காசுகளை) நாணயச்சாலையே கறுப்பாக்கி அனுப்பியது, தங்க அரைச் சவரினோடு குழம்பக் கூடாதென்று. 1944 முதல் 1946 வரையான பென்னிகளையும் புகைப்படக்காரர்களின் ஹைப்போ உப்பில் நனைத்துக் கருக்கியது. அவற்றைத் துலக்கினால் அசல் நிறமே போய்விடும்.

செய்யலாம் என்பது இவ்வளவுதான். மண்ணோ உப்போ இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் பிளாஸ்டிக் கசிவும் இருந்தால் தூய அசிட்டோன், மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில், பத்து நிமிடம். அடுப்பும் தீயும் அருகில் வேண்டாம். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருப்பதால் அது உதவாது. ஓரத்தைப் பிடித்தெடுத்து, புதிய அசிட்டோனில் ஒருமுறை முக்கி, தானாகக் காயவிடுங்கள். துடைக்கவே கூடாது.

வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்து, எடுத்தாலும் திரும்ப வந்தால் அது வெண்கல நோய். உள்ளே தங்கிய குளோரைடு, ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலம் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகிறது. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் இதற்குக் கொண்டாட்டம். அப்படிப்பட்ட காசைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடி வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்துங்கள்.

நல்ல காசுகளுக்கும் உறை முக்கியம். மெத்தென்று வளையும் பிவிசி பைகள் நாளடைவில் அமிலமும் பிசினும் கசிந்து, காசைப் பச்சையாக்கும். பை எதனாலானது என்று தெரியாவிட்டால், செம்புக் கம்பியைத் தீயில் சிவக்கக் காய்ச்சி, பையின் ஓரத்தில் தொட்டு, மீண்டும் தீயில் காட்டுங்கள். புகை கெட்டது, ஆகவே திறந்த வெளியில். சுடர் பச்சையாக எரிந்தால் பையில் குளோரின் இருக்கிறது. அன்றைக்கே காசுகளைப் பாலியெஸ்டர் உறைக்கு மாற்றிவிடுங்கள்.