கையை எடுத்தால் தானே நிமிரும் விமானம்

ரிமோட் விமானம் ஓட்டப் பழகுபவர் முதலில் குழம்புவது பெரும்பாலும் விமானம் அவரை நோக்கித் திரும்பி வரும்போதுதான். விமானத்தின் வலப்பக்கம் இப்போது அவருக்கு இடப்பக்கம். பதற்றத்தில் ஸ்டிக்கைத் தப்பான பக்கம் தள்ளுவார், விமானம் இன்னும் சாயும். ஓரளவு உயரம் இருந்தால் அந்த நேரத்தில் நல்ல வழி, ஸ்டிக்கை விட்டுவிடுவது. விட்டதும் விமானம் தானே நிமிர வேண்டும். ஃபோம் போர்டில், அதாவது இரு பக்கமும் காகிதம் ஒட்டிய நுரை அட்டையில், பயிற்சி விமானம் வரையும்போது நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

நிமிர்த்துவது இறக்கையின் வளைவு. நடுவிலிருந்து இரு நுனிகளும் சற்று மேலேறியிருக்கும். விமானம் இடப்பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமாகவே சறுக்கத் தொடங்கும். காற்றும் அங்கிருந்து வந்து மோதும். தாழ்ந்த இறக்கையில் அது கூடுதல் கோணத்தில் படும், உயர்ந்த இறக்கையில் கோணம் குறையும். தாழ்ந்த பக்கத்தில் தூக்குவிசை கூடி, சாய்வு சரியாகிவிடும். ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர் 1809-10-லேயே இதை எழுதிவைத்துவிட்டார், மனிதர்கள் மோட்டார் வைத்துப் பறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முன்னால்!

ஒரு மீட்டர் இறக்கையில் நுனிகளை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் பக்கத்துக்கு ஏறக்குறைய 6 பாகை ஏற்றம் கிடைக்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ரடர், அதாவது செங்குத்து வாலில் அசையும் பலகை, மூக்கைத் திருப்பும்போதும் காற்று பக்கவாட்டில்தான் வருகிறது, அதனால் விமானம் தானாகச் சாய்ந்து திரும்பும். விமானத்தைச் சாய்க்க இறக்கையில் வைக்கும் அசையும் பலகையான எய்லரானும், அதை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவும் தேவையில்லை.

அடுத்தது வேகம். மெதுவாகப் பறந்தால்தான் யோசிக்க நேரம் கிடைக்கும். ஒரு மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம் உள்ள இறக்கையில் மொத்த எடை 500 கிராம் என்றால், மணிக்கு ஏறக்குறைய 23 கிலோமீட்டர் வரை வேகத்தைக் குறைக்கலாம். அதே இறக்கையில் ஒரு கிலோ ஏற்றினால் 33-க்குக் கீழே போக முடியாது. எடையும் இரு மடங்கு, வேகத்தின் வர்க்கமும் இரு மடங்கு. ஆக, தரையில் மோதும்போது ஆற்றல் நான்கு மடங்கு. அதனால்தான் பசையைக்கூட அளந்து போடச் சொல்கிறேன்.

5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு இதற்கு அருமையான பொருள். வளைக்கும்போது ஒரு பக்கத்துக் காகிதம் இழுவையைத் தாங்கும், மறுபக்கம் அழுத்தத்தை; நடுவிலுள்ள நுரை இரண்டையும் விலக்கி வைத்திருக்கும். ஒரு பக்கக் காகிதத்தையும் நுரையையும் மட்டும் சரிவாக வெட்டினால், மிஞ்சிய காகிதமே எலிவேட்டருக்கு, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகைக்கு, கீலாகிவிடும். கடையில் சன்போர்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது பிவிசி. பல மடங்கு கனம்.

அப்புறம் ஈர்ப்பு மையம். இதில் மட்டும் சமரசமே கூடாது. 20 சென்டிமீட்டர் அகல இறக்கையில் முன்விளிம்பிலிருந்து 5, 6 சென்டிமீட்டர் தள்ளி, இரு பக்கமும் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். சரியான இடத்தில் இருந்தால், காற்று மூக்கைத் தூக்கும்போது கூடும் தூக்குவிசை மையத்துக்குப் பின்னால் வேலை செய்து மூக்கை இறக்கிவிடும். மையம் அதிகமாகப் பின்னால் போய்விட்டால் அதே விசை மூக்கை இன்னும் மேலே தள்ளும். எவ்வளவு தேர்ந்தவரானாலும் சமாளிப்பது கடினம். மூக்கு கொஞ்சம் கனமாக இருப்பதில் ஆபத்து குறைவு. கிடைமட்ட வால், இறக்கைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40-க்கு 10 சென்டிமீட்டர் இருந்தால் போதும்.

இறக்கையை ஒட்டாமல் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். மோதினால் கழன்றுகொள்ளும், உடையாது.

மோட்டாரை இயக்கும் முன், புல்தரையில் பேட்டரியோடு சேர்த்துக் கையால் சமமாக வீசிப் பாருங்கள். மூக்கைத் தூக்கி, நின்று, விழுந்தால் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். நேராகக் குத்தினால் கொஞ்சம் பின்னால். வழுக்கிக்கொண்டு போய்ப் புல்லில் அமைதியாக உட்காரும் வரை இதையே செய்யுங்கள்.